ஷிப்ட் அட்டவணைக்குள் ஒரு பள்ளி விடுமுறை

ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில், பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி, ஓசூர் சிப்காட் சாலைகளில் இரண்டு மனித ஓட்டங்கள் எதிரெதிராகக் கடக்கின்றன. விடியற்காலையில் உள்ளே சென்றவர்கள் கம்பெனிப் பேருந்துகளில் கண்ணயர்ந்தபடி வீடு திரும்ப, இரவு பத்து மணிவரை வேலை பார்க்க வேண்டியவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாயில்களை நோக்கி விரைகிறார்கள். தேர்வை முடித்துவிட்ட அவர்களுடைய பிள்ளைகளோ, ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளின் வாசல்களில், கிரிக்கெட் மட்டையும் சைக்கிளுமாக, யார் முதலில் வீட்டுக்கு வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறையில் எங்கே போகலாம் என்ற கேள்விக்கு வேறு ஊர்களில் ஓர் இடப்பட்டியலே விடையாகிவிடக் கூடும். ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில் வட்டாரத்திலோ அதற்கு முன்பாக வேறொரு கேள்வி நிற்கிறது: இந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட்?

இந்த நிலைமைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. தொழில் வளாகங்களை அமைப்பதற்காக மாநில அரசு 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஓசூரைத் தேர்ந்தெடுத்தபின், 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும், அப்பத்தாண்டிலேயே டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாக நிறுவிய டைட்டனின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. 2021இல் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக, ஒரு குடும்பத்தின் பகலும் இரவும் மூன்றாகக் கூறுபடும் வீடுகளும் பெருகின.

மூன்று ஷிப்ட், மூன்று வகை வீடு

பல ஆலைகளில் காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை முதல் ஷிப்டும், இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாம் ஷிப்டும், பத்து முதல் மறுநாள் காலை ஆறு வரை நைட் ஷிப்டும் நடக்கின்றன. தொழிலாளர் இவற்றுள் வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பர். விடுமுறைத் திட்டத்தைப் பொறுத்தவரை இம்மூன்றும் மூன்று வெவ்வேறு வீடுகளையே உருவாக்குகின்றன என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

முதல் ஷிப்ட் வாரத்தில் மாலை முழுவதும் குடும்பத்துக்குக் கிடைக்கிறது. ஆயினும் மறுநாள் விடியுமுன் எழ வேண்டியிருப்பதால் இரவு எட்டு மணிக்குமேல் எதுவும் நீளக் கூடாது. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் காலைப்பொழுது கிடைக்கிறது; கோட்டை ஏறுவதற்கும் அருங்காட்சியகம் பார்ப்பதற்கும் இதைவிடப் பொருத்தமான வாரம் வேறில்லை. நைட் ஷிப்ட் வாரந்தான் விடுமுறையின் உண்மையான சோதனை. பகலில் உறங்கியே தீர வேண்டிய ஒருவரும், பகல் முழுவதும் ஓடியாட வேண்டிய இருவரும் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டுக்குள் அடைபடும்போது, "சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்" என்பதே அந்த வாரத்தில் அதிகம் ஒலிக்கும் வாக்கியமாகிறது. ஆண்டு முழுவதும் இந்த மோதலைப் பள்ளி தன் நேரத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறது. விடுமுறை அதை வெளியே கொண்டுவருகிறது. சத்தத்தை அடக்கும் எளிய கருவியாகப் பிள்ளையின் கையில் கைப்பேசி வந்து சேர்வதும் பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்குகிறார்கள் என்று குறைகூறுபவர்கள் நைட் ஷிப்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, பழகிய குடும்பங்கள் நைட் ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுகின்றன. அவ்வாய்ப்பு இல்லாதவர்க்கு, பகலில் வீட்டைவிட்டு வெளியே கழிக்கத்தக்க ஓர் இடம், அதாவது ஒரு நூலகமோ நிழலுள்ள பூங்காவோ பக்கத்து வீட்டுத் திண்ணையோ, எந்தச் சுற்றுலாவையும்விடப் பெரிய தேவையாகிறது.

இரண்டு மாநிலம், இரண்டு நாட்காட்டி

எல்லைப்புறத்துக்கே உரிய மற்றொரு சிக்கல், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு இப்பாலும் அப்பாலும் பள்ளி விடுமுறைகள் ஒத்துப்போகாமை. ஓசூரில் வசிக்கும் பல குடும்பங்களின் நெருங்கிய உறவினர்கள் பெங்களூரிலும் ஆனேக்கல்லிலும் மாலூரிலும் இருக்கின்றனர். சித்தி மகனும் பெரியம்மா மகளும் சேர்ந்து விளையாட வேண்டுமானால் இரு மாநில அரசுகளின் கல்வித்துறைகளும் ஒரே வாரத்தில் பள்ளியை மூடியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை தமிழக மாநிலப் பாடத்திட்டத்திலும் மற்றொன்று எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியிலும் படிக்குமானால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

┌ பெட்டிச் செய்தி: ஒத்துப்போகாத விடுமுறைகள்
கோடை, 2025: கர்நாடக மாநிலப் பள்ளிகளுக்கு ஏப்ரல் 11 முதல் மே 28 வரை விடுமுறை, தமிழ்நாட்டில் ஏப்ரல் இறுதி வாரம் முதல் ஜூன் 1 வரை. இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அமைந்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரம்.
தசரா, 2025: கர்நாடகத்தில் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 7 வரை அறிவிக்கப்பட்டு, சமூக, கல்விக் கணக்கெடுப்புப் பணிக்காக அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது, தமிழ்நாட்டுக் காலாண்டு விடுமுறை ஒரு வாரத்தைச் சற்றே தாண்டியது.
டிசம்பர்: தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வுக்குப்பின் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விடுமுறை, கர்நாடக மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இதற்கு இணையான நீண்ட இடைவெளி இல்லை.
ஜனவரி: தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பல நாள், கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள். └

ஆகவே உறவினர்களோடு சேர்ந்து திட்டமிடும் எதுவும் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்குள் அமைவதே நடைமுறைக்கு உகந்தது. அப்போதும் பெங்களூருக்குச் செல்வதைவிட அவர்களை ஓசூருக்கு வரவழைப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் கோடைக் காற்று பெங்களூரின் காற்றுக்குக் குறைந்ததன்று, வாகன நெரிசலோ பன்மடங்கு குறைவு.

ஆறு வயதுக்குமேல் யார் பொறுப்பு?

தாயும் தந்தையும் ஒருசேர ஆலைக்குச் செல்லும் வீடுகளில் விடுமுறை என்பது மகிழ்ச்சிக்கு முன்பாக ஒரு பராமரிப்புப் பிரச்சினை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 30 பெண்களுக்குமேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது; ஆனால் அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே உரியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது சட்டத்தின் சொல்லாத எண்ணம். பள்ளி மூடியிருக்கும் ஏறத்தாழ நாற்பது நாட்களில், முதலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளையின் பகற்பொழுது சட்டத்தின் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

அந்த இடைவெளியை இப்போது நிரப்புபவர்கள் பாட்டிமார்களும், பன்னிரண்டு வயது அக்காக்களும், கட்டணம் வாங்கும் கோடை முகாம்களுமே. இம்மூன்றில் அக்காவின் நிலைதான் பேசப்படாதது. தம்பிக்குச் சோறு போட்டு, தண்ணீர் பிடித்து வைத்து, கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும் அச்சிறுமிக்கு விடுமுறை என்பதே கிடையாது. குடும்ப மகிழ்ச்சிக்குத் திட்டமிடுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, வீட்டில் யாருக்கு இந்த விடுமுறை வேலையாக மாறியிருக்கிறது என்பதே. வார விடுமுறை நாளன்று பெற்றோர் சமையலையும் சலவையையும் எடுத்துக்கொண்டு அச்சிறுமியைத் தோழியர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது பூங்காச் சீட்டு வாங்கிக் கொடுப்பதைவிட மதிப்புள்ள பரிசாகலாம்.

தொழிலாளரின் நேரம் எவ்வளவு எளிதில் சுருங்கக்கூடியது என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை நேரத்தை அமைத்துக்கொள்ள இடமளிக்கும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தபின் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அத்திருத்தம் நிலைத்திருந்தால், மேலே விவரித்த மூன்று ஷிப்ட் கணக்கே மாறியிருக்கும். பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டிலிருக்கும் நேரம் என ஒன்று மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

மூன்று மணி நேரத்துக்குள் போய்வரத்தக்கவை

ஷிப்டுகளுக்கு நடுவே ஒரு குடும்பத்துக்கு ஒருசேரக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மணி நேரமே என்று கொண்டால், அவ்வளவுக்குள் அடங்கும் இடங்கள் இவ்வட்டாரத்தில் எதிர்பாராத அளவுக்கு மிகுதி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியக் கவர்னர் ஜெனரல் பிறந்த வீடு எவ்வளவு சிறியது என்பதே பிள்ளைகளை முதலில் வியக்க வைக்கும். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அவருடைய 'வியாசர் விருந்'திலிருந்து இரவுக்கு ஓர் அத்தியாயம் வீட்டில் வாசிக்கப்பட்டிருந்தால் அப்பயணத்துக்கு ஒரு முன்கதை அமைந்துவிடும்.

கிருஷ்ணகிரி நகரின் அரசு அருங்காட்சியகம் 1993இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள நடுகற்கள், அதாவது போரிலோ கால்நடை மீட்பிலோ விலங்கோடு பொருதோ உயிர்விட்ட வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள், இம்மாவட்டத்தின் தனிச்சொத்து என்றே சொல்லலாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை வார ஓய்வு வெள்ளியன்று அமைபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதுபோல பன்னேர்கட்டா விலங்கியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பு, காலக்கணிப்பின்படி கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022 மே மாதத்தில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இரும்பையும் எஃகையும் வெட்டிப் பொருத்திப் பிழைக்கும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதற்குத் தனித் தகுதி பெற்றவர்கள். மல்லச்சந்திரத்துப் பாறையில் நிற்கும் கற்திட்டைகளும், பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியிட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஆகையால், பாடநூலின் ஒரு பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்த அனுபவத்தைத் தருபவை.

இராயக்கோட்டைக் குன்றின் கோட்டை, 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது மேஜர் கௌடி தலைமையிலான கம்பெனிப் படை திப்புவிடமிருந்து கைப்பற்றியது. மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் எனப்பட்ட நிலப்பகுதி முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓசூரிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை இராயக்கோட்டை வழியாகவே செல்வதால், ரயிலில் போய்க் கோட்டை ஏறித் திரும்புவது இரண்டாம் ஷிப்ட் வாரத்துக்கு ஆகாவிட்டாலும் ஓய்வு நாளுக்குப் பொருந்தும். மாலைக்கு மட்டும் இடம் தேடுவோர்க்கு ஓசூருக்குள்ளேயே சந்திரசூடேசுவரர் மலையும் இராமநாயக்கன் ஏரிக்கரையும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவதானப்பட்டி ஏரியில் படகு. 1950களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட கே.ஆர்.பி. அணையில் பூங்காவும், அதைவிடப் புகழ்பெற்ற வறுத்த மீனும்.

ஒரு வாரம் காயும் மாம்பழம்

மேற்கண்ட அனைத்தையும்விட ஷிப்ட் வாழ்க்கைக்கு இசைவான செயல் ஒன்று இவ்வட்டாரத்துத் தெலுங்குக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது: மாம்பழத் தாண்ட்ரா. தமிழகத்தில் மிகுதியாக மா விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் வகை மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்ல, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, நீலம் முதலியன சந்தைக்கு வருகின்றன. பள்ளி விடுமுறையும் மாம்பழப் பருவமும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருப்பது இவ்வூர்ப் பிள்ளைகளின் நற்பேறு. (மாவட்டத்தின் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி பெரும்பாலும் பள்ளி திறந்தபின் நடப்பது வேறு கதை.)

தாண்ட்ரா செய்வதற்குப் பழுத்த பழத்தின் சாற்றைப் பிழிந்து, நாரை வடித்து, வேண்டுமானால் வெல்லமோ சர்க்கரையோ கலந்து, நெய் தடவிய பாயிலோ தட்டிலோ மெல்லிய படலமாகப் பூசி வெயிலில் காயவைப்பர். அது காய்ந்தபின் அடுத்த படலம், மறுநாள் இன்னொன்று. இப்படி ஒரு வாரமோ அதற்கு மேலோ அடுக்கடுக்காகத் தடித்து, கடைசியில் தோல்போல உரித்தெடுத்துத் துண்டு போடும் பதத்துக்கு வரும். இதில் கவனிக்கத்தக்கது செயலின் அமைப்பு: குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டியதில்லை. முதல் ஷிப்ட் தந்தை மாலையில் பழம் வாங்கி வருவார். பிள்ளைகள் காலையில் பிழிவார்கள். தாய் பூசிவிட்டு வேலைக்குப் புறப்படுவார். காக்கையும் எறும்பும் அண்டாமல் பாட்டி காவலிருப்பார். மே மாதத்து மாலை இடிமழை வருமுன் மொட்டை மாடியிலிருந்து யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் எடுத்து வைப்பார். பகலில் இதற்குச் சத்தமும் இல்லை என்பது நைட் ஷிப்ட் வீட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் பயன். ஒரு நாள் உல்லாசப் பூங்காவின் செலவில் சிறு பகுதியே போதும். ஆவணி வரையிலும் டப்பாவில் எஞ்சியிருக்கும்.

இதே தன்மை பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடரலாம். ஒரே வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் குடியிருக்கும் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுப் பாட்டிக்கும் ஆட்ட விதி சற்றே வேறுபடுவதால், எந்த விதியில் ஆடுவது என்று முடிவுசெய்யும் சண்டையே பாதி ஆட்டம்.

தவிர்க்கத்தக்க ஆபத்துகள்

நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையிலேயே வாகனத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு நெடும்பயணம் புறப்படுவது இவ்வட்டாரத்தில் வழக்கமாகிவிட்ட தவறு. சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஓர் இரவு உறங்காத ஓட்டுநர் தம் பிள்ளைகளையே பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு செல்கிறார். ஓய்வு நாளின் முதற்பாதியை உறக்கத்துக்கே விட்டுவிடுவது சோம்பல் அன்று.

நீர்நிலைகள் மற்றோர் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 14 வயதினரின் உயிரிழப்புக் காரணங்களில் நீரில் மூழ்குதல் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. கிரானைட் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட குவாரிக் குழிகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிறைய. ஏரிபோலச் சரிவாக ஆழமாகாமல் விளிம்பிலிருந்தே செங்குத்தாக இறங்குவன அவை. ஏறிவரக் கைப்பிடிப்பும் இராது. பிள்ளையைக் குவாரிப் பக்கம் போகாதே என்று தடுப்பதோடு நில்லாமல், விடுமுறையில் முறையாக நீச்சல் கற்பிப்பதே ஆயுள் முழுவதும் பயன்தரும் ஏற்பாடு. கெலவரப்பள்ளி அணை மதகுகளில் மலைபோல் எழும் வெண்ணுரையைப் பார்க்கப் பிள்ளைகள் விரும்புவர். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூர்ப் புறநகரின் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருவதால் உண்டாகும் நுரை அது. காட்டி விளக்கலாம், தொட விடக்கூடாது.

┌ பெட்டிச் செய்தி: பருவம் பார்த்துப் போகவேண்டிய இடங்கள்
ஒகேனக்கல்: ஏப்ரல், மே மாதங்களில் பொதுவாக நீர்வரத்துக் குறைவு, பரிசல் பயணத்துக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது பரிசலுக்குத் தடை விதிக்கப்படும்.
தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு: ராகி முதிரும் காலத்தில், ஏறத்தாழ அக்டோபர் முதல் ஜனவரி வரை, பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. அரையாண்டு விடுமுறை சரியாக இதற்குள் விழுவதால் காட்டோரச் சாலைகளில் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும்.
எருது விடும் விழா: பொங்கலை ஒட்டி ஊர்தோறும் நடப்பது, காளை ஓடும் பாதையின் விளிம்பு பிள்ளைகள் நிற்பதற்கான இடமன்று. └

ஊருக்குப் போகும் கணக்கு

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் தென்தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்க்கு விடுமுறை என்றாலே சொந்த ஊர்தான். அங்கேதான் விடுப்புக் கணக்கு குறுக்கிடுகிறது. தொழிற்சாலைகள் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது; ஆண்டு முழுவதும் தவறாமல் உழைத்தவர்க்கே அது சுமார் இரண்டு வாரந்தான் தேறும். ஒடிசாவின் உட்புற மாவட்டம் ஒன்றுக்குப் போகவர நான்கு நாள் கழிந்தால் மிஞ்சுவது பத்து. காண்ட்ராக்ட் தொழிலாளரைப் பொறுத்தவரை வேலைக்கு வராத நாள் பெரும்பாலும் கூலியில்லாத நாள். எனவே பயணச்செலவு டிக்கெட்டோடு முடிவதில்லை, இழந்த கூலியும் அதில் சேர்கிறது. பல குடும்பங்களில் தாயும் பிள்ளைகளும் மட்டும் ஊருக்குச் சென்று, தந்தை ஓசூரிலேயே தங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதால், மே முதல் வாரத்துப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே பதிவு செய்தாக வேண்டும்; அதற்கு முன்பாகவே சூப்பர்வைசரிடம் விடுப்பு பேசி முடித்திருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டில் மற்றொரு நிச்சயமின்மை உண்டு. வெயிலின் கடுமையால் தமிழகப் பள்ளிகள் திறக்கும் நாள் 2023இல் ஜூன் 1லிருந்து 7க்கும், பின்னர் ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்பினர்க்கு 12க்கும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 14க்கும் தள்ளிப்போயிற்று. 2024இல் ஜூன் 6 என்றிருந்தது 10ஆயிற்று. இத்தகைய ஒத்திவைப்பு மே மாத இறுதிக்கு முன் தெரியவருவதில்லை. ஆகவே தாயும் பிள்ளைகளும் தனியே செல்லும் குடும்பங்கள் திரும்பும் பயணத்தை முதலில் அறிவிக்கப்பட்ட திறப்பு நாளுக்கே பதிவு செய்துகொள்வதும், ஒத்திவைக்கப்பட்டால் கிடைக்கும் அந்தக் கூடுதல் வாரத்தில் ஓசூர் வீட்டில் தந்தைக்கு எந்த ஷிப்ட் வருகிறது என்று முன்னதாகவே கேட்டு வைப்பதும் பயன்தரும்.